ஊத மறுக்கலாமா?

"டேய், ஊத மாட்டேன்னு சொல்லிடு, ஒண்ணும் பண்ண முடியாது." சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் நம் பையன்களிடம் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. நம்பாதீர்கள். தகுந்த காரணமின்றி மூச்சுப் பரிசோதனைக்கு மறுப்பதே தனிக் குற்றம்.

1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபரில் கடுமையாக்கப்பட்டது. 100 மில்லிலிட்டர் மூச்சில் முன்பு 35 மைக்ரோகிராம் மதுவரை அனுமதி. இப்போது 22 மட்டுமே. முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் குறைந்தது 2 ஆண்டு போய்விடும். மோட்டார் சைக்கிளுக்கும் இதேதான்.

அப்படியானால் நம் உரிமை என்ன?

1. கைதுக்கான காரணத்தைக் கேட்கலாம்.
2. வீட்டுக்கும் வழக்கறிஞருக்கும் போன் செய்யக் கேட்கலாம்.
3. வாக்குமூலத்தில், நம்மையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம்.
4. விடுவிக்காவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையா? தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் உதவியைக் கேளுங்கள்.

நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை வாசிப்பார்கள். மலாய் சரியாகப் புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். "சீக்கிரம் முடிஞ்சா போதும்" என்று தலையாட்டிவிடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் விசாரணை கிடையாது, நேராகத் தண்டனைதான். பஸ் வராத பழைய தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வேலைக்குப் போகும் தம்பிக்கு, லைசென்ஸ் போனால் சம்பளமும் போச்சு.

உரிமை தெரிந்திருப்பது நல்லது. குடித்த இரவில் சாவியை நண்பனிடம் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது.