மரவள்ளி மாவில் மண்ணும் மணலும் நீக்கும் முறை



மரவள்ளிக் கிழங்கை நாம் அனைவரும் அறிவோம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 19ஆம் நூற்றாண்டில் மலாக்காவில் பெருந்தோட்டப் பயிராக விளங்கியது. 1942 முதல் 1945 வரை நிலவிய ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிட்டாத வேளையில் நம் தோட்ட மக்களின் பசி தீர்த்ததும் இக்கிழங்கேயாகும். 1 கிலோ கிழங்கில் ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. தமிழ்நாட்டின் சேலம் வட்டாரத்தில் இம்மாவைக் கொண்டே சவ்வரிசி செய்கின்றனர்.

கிழங்கு மண்ணுக்குள் விளைவது. ஆதலின் மண்ணோடுதான் வெளிவரும். சிறிதளவு மணல் கலந்தாலும் கஞ்சி பல்லில் நறநறக்கும். ஆலையிலோ மணல் துருவும் பொறியின் பற்களைத் தேய்த்துவிடும். சேறு கலந்த மாவு பழுப்பேறி விலை குன்றும். பாடுபட்டவரின் உழைப்பு வீணாகாதிருக்க, இம்மாசுகளை நீக்கும் முறையைக் காண்போம்.

முதற்படி: கழுவுதல்

கிழங்கைப் பறித்த ஓரிரு நாள்களுக்குள் பயன்படுத்த வேண்டும். முதலில் நீரிலிட்டுத் தேய்த்துக் கழுவுக. பின்னர்த் தோலை உரித்து, தூய நீரில் மீண்டும் கழுவுக. மண் படிந்த கையாலும் கத்தியாலும் உரித்த கிழங்கைத் தொடலாகாது.

இரண்டாம் படி: மணலைப் பிரித்தல்

கிழங்கைத் துருவி, நீர் விட்டுப் பிசைந்து, துணியில் வடிகட்டுக. திப்பி துணியில் தங்கும், மாவுப்பால் கீழிறங்கும். அப்பாலை ஒரு வாளியில் கலக்கி, ஒன்றிரண்டு நிமிடம் அசையாது வைத்திடுக. மணல் அடியில் தங்கிவிடும். அடி கலங்காமல் பாலை மட்டும் வேறு வாளிக்கு மாற்றுக.

மூன்றாம் படி: சேற்றை வழித்தல்

மாற்றிய பாலைச் சுமார் 6 மணி நேரம் தெளியவிடுக. வெண்மாவு அடியில் இறுகிப் படியும். மேல்நீரை வடித்தால், மாவின் மேல் மெல்லிய பழுப்புப் படலம் தெரியும். அதில் நுண்ணிய சேறும் நாரும் கலந்திருக்கும். அதனைக் கரண்டியால் வழித்தெடுத்து, புதுநீர் விட்டுக் கலக்கி, மீண்டும் தெளியவிடுக. பின்னர் மாவை வெயிலில் உலர்த்துக. நெடுநேரம் ஊறவிட்டால் மாவு புளித்துவிடும்.

இதன் காரணம் யாது?

மணல் நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. மாவோ ஒன்றரை மடங்கே. மேலும், மணல் துகள் பெரியது. மாவுத் துகள் 0.035 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. ஆகவே மணல் முந்துகிறது, மாவு பின்தொடர்கிறது. களிமண்ணும் மணலைப் போன்றே கனமுடையதுதான். ஆயினும் அதன் துகள் 0.002 மில்லிமீட்டரினும் சிறியது. ஆதலால் அது நெடுநேரம் நீரில் மிதந்து நிற்கிறது. கனம் மட்டுமன்று, உருவ அளவும் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இதனால் உணர்கிறோம்.

மணலுக்கும் களிமண்ணுக்கும் இடைப்பட்டது வண்டல். அதன் துகள்களுள் சில, மாவோடு ஒத்த வேகத்தில் இறங்கும். அவற்றை எத்தனை முறை தெளியவைத்தாலும் முற்றும் பிரித்தல் இயலாது. எனவேதான் முதற்படியாகிய கழுவுதல் எல்லாவற்றினும் முதன்மையானது. தொடக்கத்தில் காட்டிய சோம்பலைப் பின்னர்ச் செய்யும் உழைப்பு ஈடுசெய்யாது. கல்விக்கும் இஃது பொருந்துமன்றோ?

எச்சரிக்கை: பச்சைக் கிழங்கில் நஞ்சாக மாறும் பொருள் உண்டு. ஆதலின் அதனைப் பச்சையாக உண்ணலாகாது. வடித்த நீரை ஆடு மாடுகளுக்கு வைத்தலும் ஆகாது. துருவும் வேலையைப் பெரியோரிடம் விட்டுவிடுக.

சிந்தனைக்கு:
1. மணல், மாவு, களிமண் ஆகியவற்றுள் முதலில் படிவது எது? ஏன்?
2. வண்டலைத் தெளியவைத்து முற்றும் நீக்க இயலாதது ஏன்?
3. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தோட்டத்து மண்ணைக் கலக்கி வைத்து, மறுநாள் காலை எத்தனை அடுக்குகள் தெரிகின்றன எனப் பார்த்து எழுதுக.