மின் கித்தாரும் வீட்டுப் பட்டறையும்

தமிழாசிரியன் ஒருவன் மின் கித்தாரைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நம் பழைய மாணவருட் சிலர் முறுவலிக்கக்கூடும். பத்தர், கோடு, ஆணி, திவவு என யாழின் உறுப்புகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் பற்றாசுக்கோலும் கையுமாக நிற்பது அவர்க்கு வியப்பாகவே இருக்கும். நிகழ்ந்தது இது.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்பால் வந்து, விழா இசைக்குழுவிலிருந்து தன் பெயரை நீக்கிவிடும்படி கேட்டான். காரணம் வினவியபோது முதலில் வாய் திறந்திலன். தந்தையார் வாங்கிக் கொடுத்த மலிவு விலைக் கித்தார் இரைகின்றது, சுருதி நில்லாது, தந்திகள் அழுத்த முடியாதபடி உயர்ந்துவிட்டன என்று பின்னர் மெல்லச் சொன்னான். பழுது பார்க்கக் கொண்டுசென்ற இடத்தில், பிருடைகள், காந்தச் சுருள்கள், கழுத்து யாவற்றையும் மாற்றவேண்டும் என்று கூறிக் கித்தாரின் விலையினும் மிக்க தொகை கேட்டிருக்கின்றனர். "அப்பாவுக்கு இதை எப்படி ஐயா சொல்லுறது?" என்றான்.

"கழுத்து வளைந்துவிட்டது என்றார்களே, எவ்வளவு வளைந்தது என்று அளந்தாயா?" என்றேன். அளந்திலன், அளந்தவரும் இலர். அவ்வினாவிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. மின் கித்தாரைத் தன் விருப்பத்திற்கேற்ப வீட்டிலேயே திருத்தவும் உயர்த்தவும் முடியும். ஆனால் அவ்வேலைக்கு ஒரு முறை உண்டு. புதிய உறுப்பை வாங்குவது அம்முறையில் கடைசிப்படி. பெரும்பாலோர் அதனையே முதற்படியாகக் கொள்கின்றனர்.

முதலில் இக்கருவி ஒலிக்கும் வகையை நோக்குவோம். வீணையின் ஒலியைக் குடம் வளர்க்கின்றது. மின் கித்தாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய பலகை. மின்னிணைப்பின்றி மீட்டினால் அருகிருப்பவர்க்கே கேட்கும். தந்திகளின் கீழே காந்தத் துண்டுகள் உள்ளன. அவற்றைச் சுற்றி மயிரளவு நுண்ணிய செப்புக்கம்பி ஏழாயிரம், எட்டாயிரம் சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கும். இதனை இசைஞர் பிக்கப் என்பர். யான் காந்தச் சுருள் என்கின்றேன். உருக்குத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் மாறுகின்றது. மாறும் புலம் சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. மைக்கேல் பரடே 1831 இல் கண்ட உண்மை இதுவே. நம் விஞ்ஞான மாணவர் அதனைத் தேர்வுக்காக மனனஞ் செய்வர். தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும்; மெல்லிய தந்தி ஏறத்தாழ 330 முறை அதிரும். எம்மீடிறனில் தந்தி அதிர்கின்றதோ அம்மீடிறனில் மின்னும் அலைந்து, பெருக்கியை அடைந்து, ஒலியாகின்றது.

இதிலிருந்து ஒரு தொல்லையும் விளைகின்றது. சுருளுக்குத் தந்தியின் புலம் இது, வீட்டு மின்கம்பியின் புலம் இது என்று பிரித்தறியத் தெரியாது. நம் வீடுகளில் ஓடும் மின் செக்கனுக்கு 50 முறை அலைவது. அதன் முரலொலியும் சுருளினுட் புகுந்துவிடும். 1955 இல் கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த செத் லவர் என்பார் இதற்கொரு வழி கண்டார். இரு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனையையும் சுற்றுத் திசையையும் மற்றையதற்கு மாறாக அமைத்தார். வெளியிலிருந்து வரும் முரல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றி அழியும். தந்தியின் ஒலி இரண்டிலும் ஒத்துத் தோன்றிக் கூடும். பகையை இருவரிடம் ஒப்புவித்து, அவரை ஒருவரோடொருவர் பொருத வைக்கும் அரசதந்திரம் போன்றது இது.

இக்கருவி பட்டறையிற் பிறந்ததாதலின் பட்டறைக்கு அஞ்சுவதன்று. லெஸ் போல் என்னும் இசைஞர் 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயோர்க்கிலிருந்த எப்பிபோன் தொழிற்சாலையில், நான்கங்குலச் சதுரப் பைன் மரத்துண்டிற் கழுத்தையும் சுருளையும் பொருத்தித் தம் கருவியைச் செய்தார். வெறும் மரத்துண்டு கண்ணுக்கு இனிமை தராதாதலின், பழைய கித்தார் ஒன்றை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டார். கலிபோர்னியாவில் வானொலி திருத்துபவராக இருந்த லியோ பெண்டர் கித்தார் வாசிக்க அறியாதவர். அவர் 1950 இல் விற்பனைக்கு விட்ட கருவியிற் கழுத்து ஒட்டப்படவில்லை. நான்கு திருகாணிகளால் இறுக்கப்பட்டது. கெட்டதைக் கழற்றி நல்லதை மாட்டலாம் என்னும் எண்ணத்தை அந்நான்கு திருகாணிகளே உலகிற் பரப்பின என்பேன். 1954 இல் வெளிவந்த அவருடைய ஸ்ற்றற்றோகாஸ்ரர் என்னும் வகையின் போலியே நம் மாணவனிடம் இருந்தது.

வீட்டு வேலைக்கு யான் மாணவர்க்கு எடுத்துக்காட்டும் கருவி ஒன்றுண்டு. இங்கிலாந்திற் பெல்தம் என்னும் ஊரில், 1963 இல், பிரையன் மே என்னும் பதினாறு வயதுச் சிறுவனுக்கு மின் கித்தார் வாங்கப் பணமில்லை. மின்னியல் அறிந்த அவன் தந்தையார் ஹரல்ட் மே, வாங்க முடியாவிடிற் செய்வோம் என்று மகனோடு அமர்ந்தார். கழுத்துக்கு மரம், நண்பர் வீட்டிலிருந்து கழற்றி எறியப்பட்ட பழைய அடுப்பங்கரை மாடத்தின் மகோகனிப் பலகை. அதிற் புழு அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய மேசையின் ஓக் மரம். மெட்டுகளுக்கு இடையே இடங்காட்டும் வெண்புள்ளிகள் தாயாரின் தையற்பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். தந்திகளின் இழுவையைச் சமன்செய்யும் விற்சுருள்கள் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வுச் சுருள்கள். சுருதியை அசைக்கும் கைப்பிடி சைக்கிளிற் பையைத் தாங்கும் கம்பி. அதன் நுனியில் தாயாரின் பின்னல் ஊசித் துண்டு.

இதிற் பொருளின் வறுமையைக் கண்டு வியப்போர் பலர். யான் வியப்பது அளவையை. குதிரைத் தகட்டைக் கத்திமுனை போன்ற உருக்கு விளிம்பின் மேல் தராசுக்கோல் போல ஆடவிட்டனர். உராய்வு குறைந்தமையால், எத்துணை அசைத்தாலும் தந்தி தன் சுருதிக்கு மீண்டது. காந்தச் சுருளையும் முதலில் தாமே சுற்றினர். தந்தியை வளைத்து வாசிக்கையில் ஒலி சீராக வராமையால் அதனை விடுத்து, பேர்ன்ஸ் நிறுவனத்தின் சுருள்கள் மூன்றை விலைக்கு வாங்கினர். தம்மாற் செய்யக்கூடியது எது, வாங்கவேண்டியது எது என்பதைச் செய்து பார்த்தே அறிந்தனர். வாங்கியவற்றையும் அப்படியே மாட்டினாரல்லர். உள்ளிருக்கும் கம்பி தானே நடுங்கிக் கீச்சிடாதபடி பசை வார்த்து இறுக்கினர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிந்த அக்கருவியையே குவீன் என்னும் குழுவில் அவர் பல்லாண்டு வாசித்தார். 2002 இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் அதனையே. இசைக்காக வானியல் ஆராய்ச்சியை இடையில் விட்டது தந்தையார்க்கு வருத்தந் தந்தது. அவ்வாராய்ச்சியை முடித்து 2007 இற் கலாநிதிப் பட்டம் பெற்றபொழுது, தந்தையார் உயிரோடிலர்.

இனி நம் மாணவனின் கித்தாருக்கு வருவோம். சனிக்கிழமை காலையில் அதனை மேசைமேற் கிடத்தி, சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகத்தை அவனுக்கு நினைவூட்டினேன். அங்கே சீவகன் யாழை உடனே மீட்டுவதில்லை. கொணர்ந்தவற்றின் மரத்தையும் நரம்பையும் ஆராய்ந்து, குற்றமுடையவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளுகின்றான். அவ்வாறே யாமும் செய்தோம்.

முதலிற் கழுத்து. ஒரு தந்தியை முதல் மெட்டிலும் கழுத்து உடலோடு சேருமிடத்து மெட்டிலும் ஒருங்கே அழுத்தினால், அத்தந்தியே நேர்கோடாகும். நடுவே, ஏழாம் எட்டாம் மெட்டுகளின் மேல், கால் மில்லிமீற்றர் இடைவெளி இருத்தல் நன்று. பெயரட்டை ஒன்று நுழையுமளவு எனலாம். இவன் கித்தாரில் ஒரு மில்லிமீற்றர் இருந்தது. கழுத்தினுள்ளே ஓர் இரும்புக்கோல் ஓடுகின்றது. அதனை முறுக்கினால், தந்திகளின் இழுவையால் முன்னோக்கி வளைந்த கழுத்து பின்னோக்கி நிமிரும். தந்தியைச் சிறிது தளர்த்திக் காற்சுற்று முறுக்குக. மீண்டும் சுருதி கூட்டி, மரம் அமையச் சிறிது பொழுது விட்டு அளக்க. கோல் இறுகி நின்றால் மேலும் வலிந்து திருப்பலாகாது. முறிந்தபின் வருந்திப் பயனில்லை. எங்களுக்கு மூன்று காற்சுற்றுகள் வேண்டியிருந்தன. மாற்றவேண்டுமெனப்பட்ட கழுத்து நிமிர்ந்தது.

அடுத்துச் சுருதி. பிருடைகள்மேற் பழி சுமத்தப்பட்டிருந்தது. கழுத்தின் தலைப்பக்கத்திற் தந்திகள் கடந்துசெல்லும் சிறு பாலத்தின் வெட்டுகள் இறுக்கமாக இருந்ததே உண்மைக் குற்றம். பிருடையைத் திருகும்போது தந்தி அங்கே சிக்கி, பின்னர் 'டிக்' என்று வழுவும். வெட்டுகளிற் பென்சிற் கரியைத் தேய்த்தோம். செலவு ஒரு பென்சிலின் நுனி. பழந்தந்திகளையும் மாற்றினோம், துருப்பிடித்த தந்திக்கு எப்பிருடையும் சுருதி தராது. ஒரு பிருடையின் திருகாணி மரத்திற் பிடிப்பின்றி ஆடிற்று. துளையிற் பசை தடவிய தீக்குச்சியைச் செருகி மீண்டும் இறுக்கினோம். மே வீட்டாரின் தீக்குச்சியை அவன் நினைவுகூர்ந்து சிரித்தான். அன்று அவன் முதன்முறை சிரித்தது அப்பொழுதே.

பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தினால் மேற்சட்சம் பிறத்தல் வேண்டும். அழுத்துகையில் தந்தி சிறிது நீள்வதால் சுருதி சற்றே ஏறும். வீணையில் மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்படுவன. ஆதலின் மெட்டையே நகர்த்தலாம். கித்தாரில் மெட்டுகள் அசையா. ஆதலின் ஒவ்வொரு தந்திக்கும் உரிய குதிரைத் துண்டைத் திருகாணியாற் பின்னே நகர்த்தி, தந்தியின் நீளத்தை மிகுவித்துச் சரிசெய்க. தந்தியின் உயரத்தையும் அங்கேயே தாழ்த்தலாம்.

கடைசியாக இரைச்சல். தந்தியைத் தொட்டபோது முரல் குறையவில்லை. கம்பி செருகும் துளையின் உலோகத்தைத் தொட்டபோது குறைந்தது. எனவே தந்திகளுக்கும் புவியிணைப்புக்கும் இடையே எங்கோ அறுந்திருத்தல் வேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு முதுகுப்புற மூடியைத் திறந்தோம். விற்சுருள்களைப் பற்றிநிற்கும் தகட்டிலிருந்து கரிய கம்பி ஒன்று கழன்று தொங்கிற்று. அத்தகடு பருத்தது, 30 வாற்றுக் கோலின் சூட்டை விழுங்கிவிட்டது. அரத்தாளால் தேய்த்துத் துலக்கி, 60 வாற்றுக் கோல் கொண்டு பற்றாசு பிடித்தோம். இரைச்சலின் பெரும்பகுதி அடங்கிற்று. எஞ்சியது ஒற்றைச் சுருளின் இயல்பு. உட்குழியில் மெல்லிய செப்புத்தகடு ஒட்டிப் புவியிணைத்தால் மேலும் சிறிது குறையும்.

இவ்வளவும் செய்தபின்னரே உறுப்புகளை மாற்றும் எண்ணம் வரவேண்டும். அப்பொழுதும் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் ஒலி மாறிற்று என்பதை அறிய வழியில்லை. விலை குறைந்ததும் பயன் மிக்கதும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறுந்தடை. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கு. தடை மிகின் ஒலி கூர்மையாகும். பழைய இணைப்புகளைக் கழற்றுமுன் படம் வரைந்துகொள்க. மெட்டுகளை உருக்குப் பஞ்சாற் துலக்குவோர் காந்தச் சுருளை மூடிக்கொள்ள வேண்டும். உதிரும் துகள்களைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

எட்வேட் வான் ஹேலன் கழிக்கப்பட்ட உடலை 50 டொலருக்கும் கழுத்தை 80 டொலருக்கும் வாங்கி, கிப்சன் கித்தாரின் இரட்டைச் சுருளைப் பெண்டர் வடிவ உடலில் இறக்கி, 1978 இல் வெளிவந்த இசைத்தட்டில் உலகையே திகைக்கவைத்தார். சுருள் கீச்சிடாதிருக்க உருகிய மெழுகில் அமிழ்த்தும் வித்தையையும் அவர் தாமே பழகினார். பழகும்போது சூடு மிகுந்து சில சுருள்கள் கெட்டன. மாணவர் மெழுகைக் காய்ச்சுவதாயின் நேரே நெருப்பில் வையாது, கொதிநீரில் வைத்த பாத்திரத்திற் காய்ச்சுக.

கித்தாரினுள் ஓடும் மின் தீங்கற்றது. பெருக்கியினுள் இருப்பது அத்தகையதன்று. வால்வுப் பெருக்கியின் கொள்ளளவிகள் மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் உயிர்கொல்லும் வோல்ற்றளவைத் தாங்கி நிற்கும். கித்தாரைத் திறக்கலாம் என்றேன். பெருக்கியைத் திறக்கலாம் என்று எங்கும் சொன்னேனல்லேன்.

மாணவன் விழாக்குழுவில் வாசித்தான். தந்தையார் முன்வரிசையில் இருந்தார். செலவு புதுத்தந்திகளின் விலை மட்டுமே என்பதை மகனே அவர்க்குச் சொல்லியிருந்தான். எனினும் மூன்றாந் தந்தி நான்காம் மெட்டில் இன்னும் சிறிது நரநரக்கின்றது. ஒரு மெட்டு மற்றையவற்றினும் உயர்ந்திருப்பதே காரணம். அதனைத் தேய்த்துச் சமன்செய்தற்குரிய அரம் எம்மிடம் இல்லை. கொழும்பிலோ கடல்கடந்தோ வாழும் பழைய மாணவர் எவரிடமேனும் இருப்பின், தமிழ்த்துறை முகவரிக்கு அனுப்பிவைத்தல் கூடும்.