ஒரே விசைப்பலகை, பல கைகள்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங், தியோமான் தீவுக்குப் பயணிகள் படகு ஏறும் ஊர். இத்தகைய சிறு நகரத்தின் பொது நூலகத்தில் ஒரு கணினியை ஒரே நாளில் பலர் பயன்படுத்தலாம். காலையில் பாரம் நிரப்ப வரும் முதியவர், நண்பகலில் வேலை தேடும் இளைஞர், மாலையில் இடுபணி செய்யும் மாணவர். இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும், இவர்களின் விரல்கள் ஒரே விசைப்பலகையைத் தொடுகின்றன.

தொட்டால் என்ன ஆகிவிடும்? கை, கால், வாய்ப் புண் நோயை எடுத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்குகிறது. பலருக்குச் சில நாள்களில் குணமாகிவிடும். ஆனால், 1997-இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். நோயாளியின் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றில் இக்கிருமி இருக்கும். கைபட்ட பொருள்களிலும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அறிகுறி தோன்றாமலும் இருக்கலாம். கழுவாத கையோடு வீட்டுக்குச் சென்று தம்பிக்குச் சோறூட்டினால், நமக்கு ஒன்றும் நேராமல் நோய் தம்பியைச் சேரக்கூடும்.

கணினியைத் துடைப்பதற்கும் முறை உண்டு. முதலில் அதை அணைத்துவிட வேண்டும். விசைப்பலகையைக் கவிழ்த்து மெல்லத் தட்டினால் தூசி உதிரும். கிருமிநாசினியைக் கருவியின் மேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. ஈரம் உள்ளே புகுந்தால் கருவி பழுதாகும். மென்மையான துணியைச் சற்றே நனைத்து விசைகளையும் சுட்டியையும் துடைக்க வேண்டும். இதற்கு 70 விழுக்காட்டு ஆல்கஹால் ஏற்றது. தூய ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடும்; அதில் கலந்துள்ள நீரே கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் துணைபுரிகிறது. துடைத்த இடம் தானாக உலர வேண்டும்.

எனினும், நூலகப் பணியாளர் காலையில் துடைத்த விசைப்பலகை, வாயைப் பொத்தி இருமிய ஒரு கை பட்டதும் மீண்டும் அசுத்தமாகிவிடும். ஆகவே, கைத்தூய்மையே முதன்மையானது. சவர்க்காரமிட்டு 20 விநாடிகள் தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். கைத்தூய்மி அவசரத்திற்கு உதவும். ஆனால், கை, கால், வாய்ப் புண் நோய்க் கிருமியை அது எளிதில் அழிப்பதில்லை. சவர்க்காரமும் நீரும் அக்கிருமியைக் கையிலிருந்தே அகற்றிவிடும்.

கணினியைத் தொடும் முன் கை கழுவுவது அடுத்து வருபவருக்காக. எழுந்த பின் கழுவுவது நம் வீட்டில் காத்திருப்பவருக்காக.