உப்புப் பொட்டலத்தில் ஒரு தேதி: உழைக்கும் குடும்பங்களுக்கான எளிய வீட்டு ஏற்பாடுகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பொழுது புலருமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காய அறுவடைக்கும், வேப்பந்தட்டை, குன்னம் வட்டாரங்களில் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும், ஆண்டிமடம் பகுதியில் முந்திரிக் கொட்டை பொறுக்கவும் மக்கள் அதிகாலையிலேயே புறப்படுகின்றனர். அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமென்ட் ஆலைகளிலும் பணிபுரிவோருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. இத்தகைய அன்பர்களிடம் இரத்த அழுத்தம் ஏன் கட்டுப்படவில்லை என்று நாங்கள் வினவும்போது கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: “வேலைக்குப் போற அவசரத்துல மாத்திரை மறந்துடுதுங்க.”

இவ்விடையை நாங்கள் சாக்குப்போக்காகக் கருதுவதில்லை. நேரமில்லை என்பது உண்மையே. ஆகவே நாள்தோறும் ஒரு மணி நேரம் உடலுக்கென ஒதுக்குங்கள் என்று இக்கட்டுரையில் நாங்கள் கூறப்போவதில்லை. வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே, ஒருமுறை செய்துவைத்தால் நாள்தோறும் பயன்தரும் ஐந்து ஏற்பாடுகளை மட்டும் இங்கே விளக்குகிறோம். இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றுதான்: களைத்த மனிதரின் நினைவாற்றலை நம்பியிராமல், கண்ணில் படும் பொருள் ஒன்று நினைவூட்டும்படி செய்துகொள்ளுதல்.

இதில் காட்டும் கவனம் வீண்போகாது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலானோருக்கு எந்த வலியும் தருவதில்லை. “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று மாத்திரையை நிறுத்தியவரிடம் அது ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகப் பழுதாகவோ வெளிப்படுகிறது. குடும்பத்தைத் தாங்கும் கைகளில் ஒன்று அன்றோடு ஓய்ந்துவிடக்கூடும்.

1. ஏழு பைகள் கொண்ட துணிப்பட்டை

பழைய வேட்டியிலோ சேலையிலோ ஒரு முழ நீளத் துண்டு எடுத்துக்கொள்க. அதில் ஏழு சிறு பைகள் தைத்து, ஞாயிறு முதல் சனி வரை கிழமைகளின் பெயரை எழுதுக. தைக்க இயலாதவர்கள் ஏழு காகித உறைகளைப் பயன்படுத்தலாம். வாரம் ஒரு முறை, ஓய்வான ஒரு பொழுதில், அவ்வார மாத்திரைகளை அவற்றில் இட்டுவைக்க வேண்டும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்தெடுக்காமல், உறையோடு சேர்த்தே கத்தரித்து இடுவது நல்லது, ஈரம் படாது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியைத் தனியே பத்திரப்படுத்துக. பட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் பெரியவர்கள் கண்ணில் படும்படி மாட்டுக.

மாட்டும் இடம் முக்கியமானது. பல் துலக்கும் இடத்தருகே, சாப்பாட்டுத் தூக்கு வைக்கும் இடத்தில், வண்டிச் சாவி மாட்டும் ஆணியில் என்று, நாள் தவறாமல் கை செல்லும் இடமாக அது இருக்கட்டும். ஷிப்டு மாறும் பணியாளர்கள் மாத்திரை வேளையைக் கடிகாரத்தோடு இணைப்பதா, உறங்கி எழும் நேரத்தோடு இணைப்பதா என்பதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவது நலம். மருந்துக்கு மருந்து இது வேறுபடும்.

மாலையில் பை காலியாக இல்லாவிட்டால் வீட்டார் எவரும் அதைக் கண்டு கேட்கலாம். மறந்த மாத்திரையை ஈடுசெய்ய மறுநாள் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குதல் கூடாது. மாத்திரை வாங்க வேலையை விட்டு வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பற்றித் தங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்துகளை வீடு தேடி வழங்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

2. உப்புப் பொட்டலத்தில் ஒரு தேதி

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அளவு. ஆனால் குழம்பிலும் பொரியலிலும் கரைந்துபோன உப்பை எவ்வாறு அளப்பது? அதற்கு ஒரு பேனா போதும். புதிய ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன்மேல் தேதியை எழுதுக. தீர்ந்த நாளில் எத்தனை நாள் வந்தது என்று கணக்கிடுக.

பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டில், ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள்கள் வரவேண்டும். முப்பதே நாளில் தீர்ந்துவிட்டதென்றால் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் உட்கொள்கின்றனர் என்பது பொருள். மாட்டுக் கழுநீருக்கும் பிற வேலைகளுக்கும் எடுக்கும் உப்பைத் தனிப் பொட்டலத்தில் வைத்தால்தான் இக்கணக்கு சரியாக வரும். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் ஆகியவற்றின் உப்பு இதில் சேரவில்லை என்பதையும் மறவாதிருக்க வேண்டும்.

அடுத்த பொட்டலம் ஐந்து நாள் கூடுதலாக வந்தாலே அது வெற்றிதான். சிறிது சிறிதாகக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பழைய சோற்றுக்கு மோர் மிளகாயும் ஊறுகாயும் சேர்த்துத் தொட்டுக்கொள்வதற்குப் பதிலாக, நம் மண்ணில் விளையும் சின்ன வெங்காயமே போதும். புளி, எலுமிச்சை, மிளகு, கறிவேப்பிலை ஆகியன உப்புக் குறைவைத் தெரியாமல் செய்யும். அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துக. வெயிலில் வியர்வை சிந்த உழைப்போர் உப்பை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. ‘பொட்டாசியம் உப்பு’ எனப்படும் மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்துதல் ஆபத்தானது.

3. ஈரத்துணி சுற்றிய தண்ணீர்ப் பாட்டில்

வயலுக்கு எடுத்துச் செல்லும் தண்ணீர் பத்து மணிக்குள் வெந்நீராகிவிடுவதால் பலர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். பாட்டிலின்மேல் பழைய சாக்குத் துணியையோ பருத்தித் துணியையோ சுற்றித் தைத்து, அதை நனைத்து, காற்றுப்படும் நிழலில் தொங்கவிடுக. துணியிலுள்ள ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு பாத்தி முடியும்போதும், ஒவ்வொரு நடை ஏற்றி முடியும்போதும் ஒரு குவளை அருந்துக. சிறுநீர் அடர்மஞ்சளாக வெளியேறினால் தண்ணீர் போதவில்லை என்று கொள்ளலாம். ஆயினும் இதய நோய், சிறுநீரக நோய் காரணமாகத் தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்களும், நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களும் கோடைக்காலத் தொடக்கத்தில் தமக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

வயிற்றுப்போக்கால் நீரிழப்பு ஏற்பட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இல்லையெனில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாக அருந்தலாம். இது நோய்க்காலத்திற்கு உரியது, அன்றாடப் பானமன்று. வெயிலில் வேலை செய்பவர் உடல் கொதிக்க, பேச்சுக் குழறி, மயங்கினால் அவரை நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் நீரூற்றி, விசிறியபடியே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றுதல் கூடாது.

4. சட்டைப்பையில் சர்க்கரை, மண்சட்டியில் இன்சுலின்

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டபின் வேலை மும்முரத்தில் உணவைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும்பசி, தடுமாற்றம் ஆகியன அதன் அறிகுறிகள். லாரி ஓட்டுபவருக்கும் உயரத்தில் ஏறி வேலை செய்பவருக்கும் அந்தச் சில நிமிடங்கள் உயிருக்கே கேடாகலாம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைச் சிறு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையிலோ மடியிலோ எப்போதும் வைத்திருங்கள். அறிகுறி தோன்றியதும் வண்டியை நிறுத்தி, அதை உட்கொண்டு, 15 நிமிடம் அமர்ந்திருங்கள். குறையவில்லையெனில் மீண்டும் அதே அளவு. தெளிந்தபின் உணவு உண்டுவிட்டே வேலையைத் தொடர வேண்டும். உடன் வேலை செய்யும் ஒருவருக்காவது இதைச் சொல்லிவையுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், பயன்பாட்டிலுள்ள இன்சுலின் புட்டியைக் காக்கவும் ஒரு வழி உண்டு. அகன்ற மண்சட்டியில் ஆற்றுமணலைப் பரப்பி நனைத்து, அதன் நடுவே சிறிய மண்கலயம் ஒன்றைப் பதித்து வைக்கவும். புட்டியை நன்கு மூடிய டப்பாவில் இட்டுக் கலயத்தினுள் வைத்து, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். மணல் உலராமல் காலையும் மாலையும் நீர் தெளிக்கவும். திறந்த புட்டியைப் பொதுவாக நான்கு வாரங்கள் வரையே பயன்படுத்தலாம். ஆகவே உப்புப் பொட்டலத்தைப் போலவே இதன்மேலும் திறந்த தேதியை எழுதிவிடுங்கள். திறவாத புட்டிகளுக்குக் குளிர்சாதனப் பெட்டியே ஏற்றது. ஆனால் உறைபனி அறையில் வைத்தல் கூடாது.

5. படுக்கையருகே ஒரு கண்ணாடி

நெடுநாள் சர்க்கரை நோயுள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மக்காச்சோளக் கட்டை குத்தியதும் கருவேல முள் தைத்ததும் தெரியாமலே மாலைவரை வேலை பார்ப்பார்கள். தெரியவரும்போது புண் சீழ் பிடித்திருக்கும். விரலையோ காலையோ இழக்கச் செய்யும் பெரும்புண்கள் பல, இவ்வாறு எவரும் கவனியாத சிறு காயத்திலேயே தொடங்குகின்றன.

முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைப் படுக்கும் இடத்தருகே தரையில் வையுங்கள். இரவில் கால் கழுவித் துடைத்தபின் பாதத்தை அதன்மேல் நீட்டினால் உள்ளங்கால் முழுவதும் தெரியும். விரலிடுக்குகளையும் பாருங்கள். கண்பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பார்த்துச் சொல்லலாம். செருப்பை மாட்டுமுன் தலைகீழாகத் தட்டுங்கள். உள்ளே கல்லோ முள்ளோ இருக்கக்கூடும். கால் ஆணியைப் பிளேடால் அறுப்பதும், மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வேண்டா. சிவப்பு, கொப்புளம், நீர்க்கசிவு எது தென்பட்டாலும் மறுநாளே காட்டுங்கள். ஒரு நாள் கூலி போகும் என்று தள்ளிப்போட்ட புண்ணால் பல மாதக் கூலியை இழந்தோர் உண்டு.

இன்றிரவே ஒன்று

இவ்வைந்தையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஒன்று பழகியபின் மற்றொன்று என்று செய்தால் நிலைத்து நிற்கும். உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதுவது மிக எளிது. அரை நிமிடமும் ஆகாது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். உப்பு எத்தனை நாள் வந்தது என்பதையும் சொல்லுங்கள். எங்கள் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவை சோதனை முடிவுகளுக்கு இணையான செய்திகள்.

இறுதியாக, நோயாளியின் குடும்பத்தாருக்கு ஒரு சொல். வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தூக்க இயலாமை, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரென்று தோன்றினாலும் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். விடியட்டும் என்றோ, வேலைக்குப் போனவர் வரட்டும் என்றோ காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். உப்புப் பொட்டலத்தில் தேதி எழுதிய அதே பேனா அதற்கும் உதவும்.