அறிக்கை அவைக்கு வரும்வரை

"சார், உங்க பேர் வராது. ஒரே ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க."

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கை வரப்போகிறது என்று தலைமைச் செயலக வட்டாரத்தில் பேச்சு அடிபட்டுவிட்டால் போதும், இப்படி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். மாநிலத் தணிக்கை அலுவலகம் ஒன்றில் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்தவன் நான். கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. கேட்பது அவர் வேலை. எப்படிப் பதில் சொல்வது என்பதைத்தான் நான் பழக வேண்டியிருந்தது.

அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவுப்படி ஒன்றிய அரசைப் பற்றிய அறிக்கை குடியரசுத் தலைவருக்கும், மாநில அரசைப் பற்றியது ஆளுநருக்கும் போகும். அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கையெழுத்தான அறிக்கை மாதக்கணக்கில் காத்துக் கிடக்கலாம். டெல்லியில் அப்படிக் கிடந்த அறிக்கைகள் குறித்து உயர் நீதிமன்றமே கடிந்துகொண்டது. ஆட்சி மாறிய பிறகு, மதுக் கொள்கை பற்றிய அறிக்கை 2025 பிப்ரவரி 25 அன்றுதான் அவைக்கு வந்தது. அந்த இடைவெளி முழுக்க அடி வாங்குவது என்னைப் போலப் பத்திரிகைத் தொடர்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான். தேதி நம் கையில் இல்லை. அதனால் "இந்தக் கூட்டத்தொடரில் வந்துவிடும்" என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லக் கூடாது. மறுநாளே "தணிக்கைத் துறை வட்டாரம் தகவல்" என்று அது அச்சில் வந்து நிற்கும்.

எண் கேட்பவரிடம் இன்னும் கவனம் வேண்டும். அவர் ஒரு தொகையைச் சொல்லி, "சரிதானே சார்?" என்பார். அது அபத்தமான தொகையாக இருக்கும். மறுக்க நாக்கு துடிக்கும். மறுக்கவே கூடாது. இன்று தப்பான எண்ணை மறுத்துவிட்டு நாளை சரியான எண்ணுக்கு மௌனமாக இருந்தால், அந்த மௌனமே உறுதிப்படுத்தல் ஆகிவிடும். "தம்பி, அவையில் வைக்கிற வரைக்கும் ஆமாம்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். வெச்ச அடுத்த நிமிஷம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம்." மூத்த ஆசிரியரானாலும் புதிதாகச் சேர்ந்த நிருபரானாலும் இதே வாக்கியம்தான். ஒருவருக்கு மட்டும் தளர்த்தினால் மற்றவர்களுக்கு அன்று மாலையே தெரிந்துவிடும்.

இந்தப் பிடிவாதம் ஏன் என்று கேட்பவர்களுக்கு நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடு பற்றிய அறிக்கையைச் சொல்வேன். 2012 மார்ச்சில் வரைவறிக்கை கசிந்தபோது நாளிதழில் வந்த தொகை 10.67 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் இருந்தது 1.86 லட்சம் கோடி. வரைவு பொதுத்துறை நிறுவனங்களையும் சேர்த்துக் கணக்கிட்டிருந்தது. இறுதி அறிக்கையின் தொகை தனியாருக்குப் போன சுரங்கங்களுக்கு மட்டும். துறையின் விளக்கம் வர வர வரைவு மாறிக்கொண்டேயிருக்கும், மாறத்தான் வேண்டும். பாதியில் பிடுங்கி அச்சடித்தால் இரண்டு எண்ணுமே சந்தேகத்துக்கு ஆளாகும்.

கசிவு எப்போதும் தணிக்கைக்காரர் மேசையிலிருந்துதான் போகும் என்பதும் இல்லை. வரைவுப் பத்திகள் பதில் கேட்டுத் துறைகளுக்குப் போகின்றன, பல கைகள் மாறுகின்றன. கேரளத்தில் 2020 நவம்பரில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக்கே, கிஃப்பி என்ற கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தின் கடன் பற்றிய தணிக்கைக் கருத்துகளை, அறிக்கை பேரவைக்கு வரும் முன்பே செய்தியாளர்களிடம் எடுத்துவைத்தார். எதிர்க்கட்சி உரிமை மீறல் புகார் கொடுத்தது. பேரவைக் குழு விசாரித்துக் குற்றமில்லை என்றது. அறிக்கை 2021 ஜனவரியில் அவைக்கு வந்தது. எனவே கசிந்தால், யார் கொடுத்தார் என்று நிருபரிடம் துருவுவது வீண்வேலை. அவர் சொல்லவும் மாட்டார், அதன்பின் நம்மை அழைக்கவும் மாட்டார்.

கதவை மூடிவைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் அதிகாரிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. புதிய அறிக்கையைத்தான் காட்டக் கூடாது, பழையதைக் காட்ட யார் தடுத்தது? கூட்டத்தொடர் தொடங்குமுன் நிருபர்களை உட்காரவைத்து, முந்தைய ஆண்டுகளில் அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகளைப் பிரித்துப் படிக்கச் சொல்வேன். வருவாய்ப் பற்றாக்குறை வேறு, நிதிப் பற்றாக்குறை வேறு. தவிர்த்திருக்கக்கூடிய செலவு என்றால் யாரோ பணத்தைச் சுருட்டினார் என்று அர்த்தமில்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் வரவில்லை என்றால் பணம் காணாமல் போய்விட்டது என்றும் இல்லை. இந்த மூன்றும் புரிந்துவிட்டால் மறுநாள் தலைப்புகளில் பாதிப் பிழை குறையும். ஒருமுறை ஒளிப்படக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்து, எல்லாரையும்விடக் கூர்மையான கேள்விகள் கேட்டார்.

கனடாவின் ஒட்டாவாவில் தணிக்கை அறிக்கை வைக்கப்படும் நாளன்று செய்தியாளர்களைச் சில மணி நேரம் முன்னதாகவே ஒரு அறைக்குள் படிக்கவிட்டு, வெளியே தொடர்புகொள்ள முடியாமல் அடைத்துவைக்கிறார்கள். பொறாமையாக இருக்கும். நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. பல மாநிலங்களில் கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் அறிக்கை வரும். நூற்றுக்கணக்கான பக்கங்களை அச்சு நேரத்துக்குள் படித்தாக வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்பதற்காகப் பிரதிகளைக் கொடுத்துவிடக் கூடாது. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த அலுவல் தள்ளிப்போகலாம். பேரவைச் செயலகத்திலிருந்து "வைத்தாயிற்று" என்று சொல் வந்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில்.

கூடவே கொடுக்கும் சுருக்கத்தைத் தமிழில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒரு தொகை எந்த அனுமானத்தில் வந்தது என்பது அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும், அடிக்குறிப்பில் அல்ல. 2010 நவம்பர் 16 அன்று வைக்கப்பட்ட 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய அறிக்கை ஒரே ஒரு தொகையைச் சொல்லவில்லை. கணக்கிடும் முறையைப் பொறுத்துச் சுமார் 57,000 கோடியிலிருந்து 1.76 லட்சம் கோடி வரை பல மதிப்பீடுகளைத் தந்தது. ஊர் முழுக்க நினைவில் நிற்பது கடைசி எண் மட்டும். பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்வது செய்தி மேசையின் இயல்பு. அதை மாற்ற முடியாது, எண்ணோடு அனுமானத்தை ஒட்டவைக்க மட்டும் முடியும்.

அறிக்கை வைக்கப்பட்ட அன்று மாலை வரும் அழைப்புகள் வேறு மாதிரி. மாவட்டப் பதிப்பிலிருந்து கேட்பார்கள்: "எங்க மாவட்டத்தைப் பத்தி எந்தப் பக்கம் சார்?" இந்தக் கேள்விக்காகவே மாவட்ட வாரியாகப் பக்க எண் போட்ட ஒரு பட்டியலையும் தயாரித்தேன். மேலதிகாரிகள் ரசித்த செய்திக்குறிப்பைவிட அந்த ஒற்றைத் தாளைத்தான் நிருபர்கள் அதிகம் கேட்டு வாங்கினார்கள்.