நமத்துப்போன பிஸ்கட்டும் குளிசைப் பெட்டியும்

மேசையில் திறந்தபடி விட்ட பிஸ்கட் மறுநாள் நமத்துப்போகிறது. பக்கத்தில் இருந்த பாணோ காய்ந்துவிடுகிறது. ஒரே அறை, ஒரே காற்று. ஏன் இந்த வேறுபாடு?

பாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் நீர். மொறுமொறுப்பான பிஸ்கட்டில் இருப்பது 5 வீதமோ அதற்கும் குறைவோதான். பாண் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுக்கிறது. பிஸ்கட் காற்றிலிருந்து வாங்குகிறது. காய்ந்த நிலையில் கண்ணாடிபோல் முறியும் சீனியும் மாவும் நீர் புகுந்ததும் இளகிவிடுகின்றன. முறுக்குக்கும் இதே கதைதான். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத ரின்னில் போடுங்கள். நமத்த பிஸ்கட்டை அவணில் சில நிமிடம் சூடாக்கினால் மொறுமொறுப்புத் திரும்பும்.

குளிசைகளுக்கு அப்படித் திருத்த வழியில்லை. ஈரம் பட்டால் சிலவற்றின் வீரியம் போய்விடும். அஸ்பிரின் சிதைந்தால் வினாகிரி மணக்கும், அதைப் பாவிக்காதீர்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் டபிகாட்ரான் கப்சூல்களை வாராந்தப் பெட்டியில் பிரித்துப் போடக் கூடாது. எடுக்கும் நேரம்வரை அவை சொந்த உறையிலேயே இருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

1. குளியலறையிலும் கேத்திலுக்கு அருகிலும் மருந்து வைக்காதீர்கள். ஈரமில்லாத, குளிர்மையான அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

2. போத்தலுக்குள் இருக்கும் சிறு பொதி ஈரத்தை உறிஞ்சுவதற்கானது. எறியவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம்.

3. அம்மா அப்பாவுக்கு வாராந்தப் பெட்டி நிரப்புபவர்கள், எந்தக் குளிசையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்று மருந்தாளரிடம் கேட்டுப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டுங்கள்.