மோட்டார் சைக்கிள் சக்கரத்துக்கு நிறம் தேடும் தம்பிக்கு

1. நிறத்தைப் பார்க்க முன் காற்றைப் பார், தம்பி. கண்டியில் இருப்பவன் நிற அட்டையை விரித்து வைத்து ஆசைப்பட்டதைத் தெரிவு செய்யலாம். நீ திருகோணமலையில் உட்துறைமுக வீதியோரம் வண்டி நிறுத்துகிறவன். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா. இங்கே உப்பு காற்றோடு வந்து ரிம்மில் குந்திவிடும். அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே இருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உப்பிலுள்ள குளோரைட்டு துளைக்கும். துளைத்த இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். கடைக்குப் போகும் முன் மூதூர் படகுத்துறைப் பக்கம் போய், அங்கே நிற்கிற பழைய வண்டிகளின் சக்கரங்களைக் குனிந்து பார். எந்தப் பூச்சு நிலைக்கும், எது உரியும் என்று அவை சொல்லும்.

2. உன் சக்கரம் என்ன பிறப்பு என்று தெரிந்துகொள். கம்பி போட்ட பழைய ஹொண்டாவில் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு ரிம். பல்சரில் வார்த்தெடுத்த அலோய். வார்ப்பு அலுமினியம் அச்சுக்குள் நன்றாக ஓடுவதற்காக அதில் ஏறக்குறைய 7 வீதம் சிலிக்கன் கலந்திருப்பார்கள். அதனால் அதற்கு அனோடைஸ் செய்தால், அதாவது மின்னால் ஒட்சைட்டுப் படலத்தைத் தடிப்பாக்கிச் சாயமேற்றினால், நிறம் சாம்பல் ஏறி, திட்டுத்திட்டாக நிற்கும். வார்ப்புச் சக்கரத்தை அனோடைஸ் செய்து பொன் போல மின்ன வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்துவிடு. கம்பிச் சக்கரத்துக்குப் போடும், வார்க்காத அலுமினிய ரிம்முக்குத்தான் அது பொருந்தும். அதிலும் இரும்பு உப்பால் ஏற்றுகிற பொன்னிறம் வெயிலுக்கு அசையாது. சிவப்புச் சாயமும் ஊதாச் சாயமும் கச்சான் காலத்து வெயிலில் வெளிறிப் போகலாம்.

3. திருத்தக்கூடிய நிறத்தைத் தெரிவு செய். நான் சொல்வதில் இதுதான் முக்கியம். மெட்டாலிக் என்றால் பூச்சுக்குள்ளேயே அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். கேண்டி வேறு: கீழே வெள்ளி பூசி, அதன் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை அடுக்கடுக்காக ஏற்றுவது. ஒவ்வொரு அடுக்குக்கும் நிறம் இருண்டுகொண்டே போகும். அதன் ஆழம் அழகுதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் சுரண்டினால் அந்த இடத்தை மட்டும் தொட்டு ஒப்பேற்றுவது பெரும்பாடு. நிலாவெளிப் பக்கத்துப் பையன் ஒருவன் சிவப்புக் கேண்டி அடித்துக்கொண்டு போய், முதல் கிழமையே வீதியோரக் கல்லில் முன்சக்கரத்தை உரசிவிட்டு வந்தான். அழாத குறை. என் குரு அவனுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டு சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, முழுப் பூச்சையும் எடுத்துவிட்டு, வெண்கல நிற மெட்டாலிக் அடித்துக் கொடுத்தார். அது அவனிடம் நெடுங்காலம் இருந்தது. கீறல் விழுந்தபோதெல்லாம் அவனே தூரிகையால் தொட்டுக்கொண்டான்.

முத்துப் பூச்சு கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி. அந்த மினுக்கம் டைட்டேனியம் டைஒக்சைட்டு போர்த்திய மைக்காச் செதில்களில் இருந்து வருகிறது. அந்த டைட்டேனியத்துக்கு மூலமான இல்மனைட்டு நம் மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையிலே கறுப்பு மணலாகக் கிடக்கிறது. சொந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வேலை செய்தால் கைக்கு ஒரு மரியாதை வரும்.

4. சக்கரத்தில் உள்ள வெடிப்பை ஒருபோதும் பூசி மறைக்காதே. காசு கூடத் தருகிறேன் என்பார்கள். நாளைக்கே விற்கிற வண்டிதானே என்பார்கள். அதில் ஏறிப் போகிறவன் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

5. அடிவேலைக்கு அவசரப்படாதே. என் குரு இங்குள்ள கடற்படைத் தளத்தில் வேலை பழகியவர். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போகுமுன்னரே அங்கே சேர்ந்தவர். கப்பலுக்குப் பூசுகிறவன் நிறத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவான் என்பார். பழைய பூச்சை முழுதாக எடு. உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவு, உலர்த்து, கை படாமல் பிரைமர் அடி. உப்பு உள்ளே தங்கினால், சின்ன ஒரு கீறலில் தொடங்கும் அரிப்பு பூச்சுக்கு அடியில் நூல் நூலாக ஓடும். மேலே எவ்வளவு விலையான பவுடர் கோட்டிங் இருந்தாலும் காப்பாற்றாது. மெட்டாலிக்குக்கு மேல் கிளியர் கட்டாயம். செதிலும் அலுமினியம்தானே, மூடாமல் விட்டால் அதுவும் மங்கும். மழை நாளில் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடாதே: தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பூச்சில் வெண்புகை விழும். உன் அவசரத்துக்காக வாடைக் காற்று ஓயாது.

6. பூசக்கூடாத இடம் எது என்று படி. அச்சு உட்காரும் முகம், பெயாரிங் குழி, டிஸ்க் பொருந்தும் இடம் எல்லாவற்றையும் மூடிவிட்டு அடி. அங்கே பூச்சு தடித்தால் போல்ட் நாளடைவில் இளகும். பவுடர் கோட்டிங் 180 முதல் 200 பாகை வரை சூட்டில் வேகும். அதற்கு முன் பெயாரிங்கையும் ரப்பரையும் கழற்றிவிடு.

7. இனி நிறம். பந்தய வண்டிகளின் மக்னீசியச் சக்கரங்களை அரிப்பிலிருந்து காக்கக் குரோமேட் பூச்சு கொடுத்தார்கள். அது பொன்னிறமாக இருந்தது. காப்புக்காக வந்த நிறம் பிறகு அலங்காரமாயிற்று. உனக்கு நான் சொல்வது மங்கலான பொன், அல்லது வெண்கலம். புழுதியும் செயின் எண்ணெயும் அவற்றில் அதிகம் தெரியாது. கறுப்புப் பெற்றோல் தாங்கிக்கும் சிவப்புத் தாங்கிக்கும் பொருந்தும். கண்ணாடி போன்ற குரோம் நிறப் பவுடரைக் கடலோரத்தில் நான் விரும்புவதில்லை.

அப்பாவின் வண்டி என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025இல் மறுபடி திறக்கும் வரை, இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே பழைய மோட்டார் சைக்கிளை நம்பித்தான் இருந்தன. அதன் மேல் அவருக்கும் ஓர் ஆசை இருக்கும். கடன் வாங்கிப் பூசாதே.

பூசிய பிறகு கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போதும். கடற்கரை மணல் ஒட்டியிருக்கும்போது உலர்ந்த துணியால் துடைக்காதே. மழை ஐப்பசியில் பிடித்துவிடும். புரட்டாதிக்குள் இரண்டு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு வா, முதல் அடுக்கை நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.